ஏறியவரைப் பாராட்டுவோம், ஏணியைக் கேட்போம்!

2023-ஆம் ஆண்டின் முதல் நாள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் 240-ஆவது மாவட்ட நீதிமன்றத்தில் புதிய நீதிபதி ஒருவர் பொறுப்பேற்றார். பெயர் சுரேந்திரன் கே. பட்டேல். ஊர், கேரளத்தின் வடகோடியில் உள்ள காசர்கோடு. பெற்றோர் தினக்கூலிகள். அவரோ சிறு வயதில் தமக்கையோடு உட்கார்ந்து பீடி சுற்றியவர்.

அந்தச் செய்தி வந்த நாளில் நம்மவர் பலரும் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். அவர் தமிழர் அல்லர், மலையாளி. ஆனால் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவன் எவனும், பிறிதோர் ஊரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன் நீதிபீடத்தில் அமர்ந்தான் என்று கேட்டால், அதைத் தன் வீட்டுச் செய்தியாகவே கேட்பான். நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பீடி இலையையும் தூளையும் அறியாத வீடு எத்தனை?

மகிழ்ச்சி வேறு, படிப்பினை வேறு. இந்த வரலாற்றை மேடையில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். "பார்த்தீர்களா, உழைத்தால் யாரும் உயரலாம்!" என்கிறார்கள். கேட்க இனிமையான வாசகம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உழைத்தால் யாரும் உயரலாம் என்றால், உயராதவர்கள் எல்லாம் உழைக்காதவர்களா? இன்றைக்கும் தென்காசியிலும் வேலூரிலும் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை சுளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் சோம்பேறிகளா?

ஆகவே பட்டேலின் வாழ்க்கையைப் புகழ்ச்சிக்காக மட்டுமல்லாமல் கணக்குப் பார்ப்பதற்காகவும் ஒருமுறை படிக்க விரும்புகிறோம். அவர் எத்தனை வாசல்களைக் கடந்தார்? ஒவ்வொரு வாசலையும் திறந்தது யார்? அதே வாசல் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறதா?

முதல் வாசல் பள்ளி. வறுமையால் பத்தாம் வகுப்போடு பட்டேலின் படிப்பு நின்றது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் முழுநேரத் தொழிலாளியாகப் பீடி சுற்றினார். அந்த ஓராண்டுதான் வாழ்க்கையைப் பற்றிய தமது பார்வையை மாற்றியது என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

அந்த வடமலபார் மண்ணின் பீடித் தொழிலுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, பெரிய முதலாளிகள் தங்கள் பட்டறைகளை மூடினர். வேலை இழந்தவர்கள் 1969-இல் கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். அந்தப் பட்டறைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படித்தவருக்குக் குறைகிற பீடிகளை மற்றவர்கள் தங்கள் கணக்கிலிருந்து ஈடு கட்டுவார்கள். எழுத்தறியாத தொழிலாளியும் நாட்டு நடப்பை விவாதித்தது இப்படித்தான். கூலிக்காரன் மகன் சட்டம் படிக்க ஆசைப்படுவது அந்த மண்ணில் கேலிக்குரிய செய்தி அல்ல. தனிமனிதனின் முயற்சிக்குப் பின்னால் தொழிலாளர் இயக்கம் உழுது வைத்த நிலம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வாசல் கல்லூரி. ஈ.கே. நாயனார் நினைவு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார் பட்டேல். அரசுக் கல்லூரி என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். படித்துக்கொண்டே வேலையும் செய்ததால் வருகைப் பதிவு குறைந்தது. தேர்வு எழுத அனுமதியில்லை என்றார்கள். அவர் ஆசிரியர்களிடம் ஒரு வாய்ப்புக் கேட்டார். நன்றாக எழுதாவிட்டால் படிப்பையே விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார். வாய்ப்புக் கிடைத்தது, வகுப்பிலேயே முதலிடம் பெற்றார். அதன்பின் ஆசிரியர்களே அவருக்கு ஒத்துழைத்தார்கள்.

இந்த நிகழ்ச்சியில் பலரும் கண்டு வியப்பது அந்த முதலிடத்தைத்தான். நாம் இன்னொன்றையும் காண்கிறோம். அந்த ஆசிரியர்கள் விதிப் புத்தகத்தை நீட்டிவிட்டுப் போயிருந்தால் டெக்சாஸில் ஒரு நீதிபதி குறைந்திருப்பார். அவர் வகுப்புக்கு வராதது ஊர் சுற்றியதால் அல்ல, சோற்றுக்காக என்பதை அவர்கள் கேட்டறிந்தார்கள். வருகைக் குறைவு என்று நம் பிள்ளைகளைத் தேர்வுக் கூடத்துக்கு வெளியே நிறுத்தும் கல்லூரிகளில், காரணம் கேட்பவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது வாசல் சட்டக் கல்லூரி. கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரி. முதலாண்டுச் செலவுக்கு நண்பர்கள் கைகொடுத்தார்கள். அதன்பிறகு ஓர் உணவு விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் பணியில் சேர்ந்தார். வேலை கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்று விடுதி உரிமையாளரிடமே சொன்னார். அவர் வேலை கொடுத்தார். 1995-இல் சட்டப் பட்டம் வந்தது. காசர்கோடு மாவட்டத்து ஹொஸ்துர்க் நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பத்தாண்டுக் காலம் தொழில் செய்தார்.

நான்காவது வாசலைத் திறந்தவர் அவருடைய மனைவி. மேடைப் பேச்சுகளில் காணாமல் போகிற பகுதி இது என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறோம். அவருடைய துணைவியார் செவிலியர். அவருக்கு டெல்லியில் மருத்துவமனை வேலை கிடைத்தபோது கணவரும் உடன் சென்றார். 2007-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. குடும்பம் ஹூஸ்டனுக்குப் பெயர்ந்தது. உள்ளூரில் பத்தாண்டு நின்று வாதாடிய வழக்குரைஞர், புதிய நாட்டில் மனைவியின் வேலையை நம்பி வந்த கணவராகப் போய் இறங்கினார். மனைவி இரவுப் பணிக்குப் போக, அவர் மகளைப் பார்த்துக்கொண்டார். மளிகைக் கடை ஒன்றில் வேலை செய்தார்.

கேரளத்துச் செவிலியர் உலகின் எத்தனையோ நாடுகளில் நோயாளிகளைப் பேணி, அந்த வருவாயில் தங்கள் வீடுகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நம் பகுதியிலும் ஊதுவத்தி உருட்டியும், இட்லி விற்றும், வீட்டு வேலை செய்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதன் நீதிபீடம் ஏறினான் என்று எழுதும்போது, அந்தப் பீடத்தின் ஒரு கால் ஒரு பெண்ணின் இரவுப் பணி என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

ஐந்தாவது வாசல்தான் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. அயல்நாட்டுச் சட்டப் பட்டத்தைக் குப்பையில் போடு என்று டெக்சாஸ் அவரிடம் சொல்லவில்லை. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் போதிய ஆண்டுகள் தொழில் செய்தவர், அங்கே வழக்குரைஞர் தகுதித் தேர்வு எழுத விதி இடம் தந்தது. யாருடைய கருணையும் அதற்குத் தேவைப்படவில்லை. பட்டேல் தேர்வு எழுதினார், முதல் முயற்சியிலேயே தேறினார்.

தேறினார் என்றதும் கதை முடிந்துவிட்டதா? இல்லை. பல இடங்களுக்கு விண்ணப்பித்தும் வேலை கிடைக்கவில்லை. சட்டத்தின் வாசல் திறந்திருந்தது, சமூகத்தின் வாசலோ ஒருக்களித்தே இருந்தது. அவர் மீண்டும் மாணவரானார். ஹூஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் படித்து 2011-இல் மேற்பட்டம் பெற்றார். சிறிது சிறிதாக வழக்குகள் பிடித்தார். 2017-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 2020-இல் நீதிபதித் தேர்தலில் இறங்கித் தோற்றார். 2022-இல் மீண்டும் நின்றார். முதலில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், அப்போது அதே பதவியில் இருந்த நீதிபதியையே வென்றார். நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரையும் வென்றார்.

நம் நாட்டில் நீதிபதி தேர்தலில் நிற்பதில்லை என்பதால் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. டெக்சாஸில் மாவட்ட நீதிபதியைக் கட்சிச் சின்னத்தின்கீழ் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக் காலம் நான்கு ஆண்டு. அந்த நீதிமன்றம் ஏறக்குறைய நம் செஷன்ஸ் நீதிமன்றம் போன்றது. பெரிய சொத்து வழக்கும், பெருங்குற்ற வழக்கும், மரண தண்டனைக்குரிய கொலை வழக்கும் விசாரணைக்கு வருகிற இடம். ஒரு காலத்தில் நாளுக்கு எத்தனை கட்டுப் பீடி என்று எண்ணியவரின் கையில் அத்தகைய அதிகாரத்தை ஓர் அந்நிய நாட்டு மக்கள் வாக்குச் சீட்டால் ஒப்படைத்தார்கள்.

எளிதாக ஒப்படைத்தார்களா? பிரசாரத்தின்போது அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். இப்படிப் பேசுகிறவர் எப்படி நீதிபதியாக முடியும் என்று கேட்டார்கள். அவர் வெல்வார் என்று சொந்தக் கட்சியினரே நம்பவில்லை என்று பின்னர் அவர் கூறினார். எத்தனை நாளாக இங்கே இருக்கிறாய் என்பது முக்கியமல்ல, இந்த மக்களுக்கு எத்தனை நாள் தொண்டு செய்தாய் என்பதே முக்கியம் என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார்.

உச்சரிப்பு! நாவில் ஒட்டியிருக்கும் ஊர்மண்! இதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1966-இல் மும்பையில் சிவசேனை தோன்றிய பிறகு, தென்னாட்டாரின் வேட்டியும் பேச்சும் தெருவில் ஏளனப் பொருளாக்கப்பட்ட நாள்களை நம் மூத்தோர் மறக்கவில்லை. நம் பிள்ளைகளில் பலர் இன்றும் நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். விடை தெரியாமலா? இல்லை, விடையைவிட உச்சரிப்பு முதலில் காதில் விழும் என்ற அச்சத்தால்.

இந்த இடத்தில் நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. பிறந்த ஊரின் வாடை நாவில் இருக்கக் கூடாது என்பது முற்றிலும் வேறு. மகாராஷ்டிரத்தில் கீழமை நீதிபதிப் பதவிக்கு வருபவருக்கு மராத்தியில் பேசவும் எழுதவும், மராத்திக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. இதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். சாட்சிக் கூண்டில் நிற்கும் ஏழைக் குடியானவனின் பேச்சு நீதிபதிக்குப் புரிய வேண்டாமா? தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று கேட்கும் நாம், இங்கே மராத்தி வேண்டாம் என்று எப்படிச் சொல்வோம்? ஆகவே நம் பிள்ளைகள் மராத்தியைக் குறைவறக் கற்கட்டும். ஆனால் கற்றபின்னும் அவர்கள் பேச்சில் பாளையங்கோட்டை வாடை அடித்தால், அது குற்றமாகாது. டெக்சாஸ் வாக்காளர்களுக்குப் புரிந்த இந்த நியாயம் நம் நாட்டு அலுவலகங்களுக்கும் புரிய வேண்டும்.

அமெரிக்காவை நாம் சொர்க்கமாகக் காட்டவில்லை. நீதிபதிகளைக் கட்சிச் சின்னத்தில் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே கொண்டுவர வேண்டும் என்றும் கேட்கவில்லை. வாக்குக் கேட்டு, நிதி திரட்டி, கட்சியின் தயவில் நின்று வரும் நீதிபதி, நாளை அதே கட்சிக்காரரின் வழக்கில் எப்படி நடப்பார் என்ற ஐயம் நியாயமானதே. பட்டேலின் உச்சரிப்பு தெருவுக்கு வந்ததும் அந்தத் தேர்தல் முறையால்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே வாசல் எது, விதி எது, தோற்றால் எத்தனை வாக்கில் தோற்றோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தோற்றவர் இரண்டாண்டு கழித்து மீண்டும் வந்து தட்டவும் முடிகிறது.

நம் உயர்நீதிமன்றங்களின் வாசல் அப்படித் தெரிகிறதா? பத்தாண்டு வழக்குரைஞராக இருந்த குடிமகன் எவரும் உயர்நீதிமன்ற நீதிபதியாகலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 217-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் யாரை, ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம் மூடிய அறையில் பேசி முடிவு செய்கிறது. 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டில் உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்டவர்களில் 79 விழுக்காட்டினர் பொதுப் பிரிவினர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றக் குழுவுக்குத் தகவல் தந்தது. தாழ்த்தப்பட்டோர் 3 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 1950-இல் தொடங்கிய உச்சநீதிமன்றத்துக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் நீதிபதியாக, தமிழரான ஏ. வரதராஜன் சென்றது 1980 டிசம்பரில். முப்பதாண்டுக் காலம் தகுதியுள்ளவர் பிறக்கவே இல்லையா? வாசல் திறக்கவில்லை என்பதுதான் உண்மை.

கீழமை நீதிமன்றங்களுக்குத் தேர்வு உண்டு, அதனால் அங்கே ஏழைக்கும் இடம் உண்டு என்று நாம் ஆறுதல் அடைந்திருந்தோம். 2025 மே 20 அன்று உச்சநீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தைக் கண்ணால் பாராதவர் நீதிபதியாவது சரியல்ல என்ற கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாண்டும் ஓர் ஏழை இளைஞன் எதைத் தின்பான்? மூத்த வழக்குரைஞரின் கோப்புகளைச் சுமந்து திரியும் இளையவருக்குப் பல அலுவலகங்களில் கிடைப்பது வழிச் செலவுக்கே போதாது. நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், ஊர்ப்புறங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று இந்திய வழக்குரைஞர் மன்றம் 2024 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான், கட்டளை அல்ல. மூன்றாண்டு அனுபவம் கட்டாயமாகவும், அந்த மூன்றாண்டுச் சோறு பரிந்துரையாகவும் இருந்தால், வசதி படைத்தவன் மகனே மறுபடியும் நீதிபதியாவான். பட்டேலுக்கு வாய்த்த விடுதி உரிமையாளர் எல்லாருக்கும் வாய்ப்பாரா? நல்ல மனம் படைத்த ஒருவர் செய்ததை விதியாகச் செய்வதற்குத்தானே அரசு இருக்கிறது?

எனவே நாம் கேட்பது சில. இளம் வழக்குரைஞர் உதவித்தொகையைச் சட்டமாக்குக. வேலை செய்து படிக்கும் மாணவனின் வருகைக் குறைவைத் தீர்ப்பதற்குமுன் காரணத்தைக் கேட்டறிய விதி செய்க. உயர்நீதிமன்ற நியமனங்களில் எல்லாப் பிரிவினருக்கும் உரிய இடம் கிடைக்க வழி காண்க.

கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பட்டேலுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைக்கப் பத்தாண்டு ஆயிற்று. நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு நமக்குத் தந்திருக்கிறது. குடியிருக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் நம் சாலிகளில் எத்தனை வீட்டில் எல்லாருடைய பெயரும் பட்டியலில் இருக்கிறது? ஊரிலும் பெயர் இல்லாமல், இங்கும் பெயர் இல்லாமல், நடுவில் நிற்பவர்கள் எத்தனை பேர்? பத்தாண்டு காத்திருந்து பெற்ற உரிமையை ஐந்தே ஆண்டில் ஒருவர் நீதிபீடமாக மாற்றிக் காட்டினார். பிறக்கும்போதே கிடைத்த உரிமையை நாம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளையை இனி அவ்வளவுதான் என்று கைகழுவாதீர்கள். பட்டேலும் அந்த இடத்தில் நின்றவர்தான். அவன் மீண்டும் கல்லூரிக்குப் போக வழி உண்டா என்று சங்கத்துக்கு வந்து கேளுங்கள். பட்டேலின் நண்பர்கள் அவருடைய முதலாண்டுச் செலவைப் பங்கிட்டுக்கொண்டதுபோல, சட்டம் படிக்கும் ஒரு பிள்ளையின் ஓராண்டுச் செலவைப் பத்துக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாதா? படிப்பவருக்குக் குறைந்த பீடியை மற்றவர்கள் ஈடு கட்டினார்களே, அந்தக் கண்ணூர்த் தொழிலாளர்களைவிடவா நாம் ஏழைகள்?

சுரேந்திரன் பட்டேலை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அவருக்கு மாலை சூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது அவருக்கும் பெருமையன்று, நமக்கும் பெருமையன்று. அவர் கடந்த ஒவ்வொரு வாசலும் நம் பிள்ளைகளுக்கும் திறக்கும் வரை தட்டிக்கொண்டே இருப்போம்.